வாரண்ட் இருக்கா? பிரிட்டிஷ் போலீஸும் வீட்டு வாசலும்

2008 நவம்பர் 27 அன்று லண்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் போலீஸார் வந்தார்கள். அப்போது எதிர்க்கட்சியாக இருந்த கன்சர்வேட்டிவ் கட்சியின் எம்.பி. டேமியன் கிரீனின் அறையைச் சோதனை போட வேண்டும் என்றார்கள். உள்துறை அமைச்சகத்திலிருந்து ஆவணங்கள் கசிந்தது பற்றிய விசாரணை அது. அந்த அறைக்கான வாரண்ட் அவர்களிடம் இல்லை. ஒரு சம்மதப் படிவம் இருந்தது. அவையின் ஒழுங்குக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பான ‘சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸ்’ என்ற அதிகாரி அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சோதனை நடந்தது.

ஆறு நாள் கழித்து சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் அவையில் வருத்தம் தெரிவித்தார். சம்மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, வாரண்ட் கேட்கலாம் என்பதைப் போலீஸார் அந்த அதிகாரியிடம் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும் என்றார். இனி வாரண்டும் தன் ஒப்புதலும் இல்லாமல் எந்த எம்.பி.யின் அறையிலும் சோதனை நடக்காது என்றும் அறிவித்தார். அடுத்த ஆண்டு, கிரீன் மீது வழக்குத் தொடரப்போவதில்லை என்று அரசு வழக்குத் தரப்பு முடிவு செய்தது.

சட்டம் எழுதுகிற இடத்திலேயே ஒரு கையெழுத்து வாரண்டின் வேலையைச் செய்துவிட்டது. அப்படியானால் காலை 6 மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறக்கிறவரின் கதி என்ன? பிரிட்டனில் போலீஸ் எப்போது வீட்டுக்குள் வரலாம் என்ற கேள்வியை இந்த இடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். சட்டத்துக்கு வேலை வருவதே வாசலில் நடக்கும் இரண்டு நிமிடப் பேச்சில்தான். வந்தவர் என்ன சொன்னார், எந்தச் சட்டத்தைக் காட்டினார், உள்ளே இருந்தவர் என்ன பதில் சொன்னார் என்பதை வைத்தே பிறகு கோர்ட்டில் எல்லாம் முடிவாகும்.

‘அவரவர் வீடு அவரவர்க்குக் கோட்டை’ என்று ஆங்கிலேயர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது 1604-ல் வந்த செமெய்ன் வழக்கின் தீர்ப்பில் உள்ளது. கடனுக்காகப் பொருளை ஜப்தி செய்ய வந்த ஷெரிஃப் என்ற கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் அதிகாரியை உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொண்ட ஒரு லண்டன்காரரைப் பற்றிய வழக்கு. அந்தக் காலச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் அதைத் தன் தீர்ப்புத் தொகுப்பில் பதிவு செய்தார். கோட்டை என்ற சொல்லோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அதே தீர்ப்பில் தொடர்ச்சி இருக்கிறது. மன்னரே ஒரு தரப்பாக இருக்கும் விஷயங்களில் ஷெரிஃப் கதவை உடைத்துக்கூட உள்ளே போகலாம். ஆனால் எதற்காக வந்தேன் என்று முதலில் சொல்ல வேண்டும், கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இந்த ‘முதலில் சொல்’ என்ற விதி பழைய ஏட்டோடு போய்விடவில்லை. 1990-களின் கடைசியில் எசெக்ஸ் போலீஸ் மீது ஒருவர் தொடுத்த வழக்கில் அது மறுபடி வந்தது. அவருடைய மனைவியைக் கைது செய்ய வந்த போலீஸார், வாசலில் நின்ற அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். எதற்காக வருகிறோம் என்று சொல்லவில்லை. கைது செய்யும் அதிகாரம் அவர்களுக்கு இருந்திருக்கலாம். ஆனாலும் காரணம் சொல்ல முடிகிற நிலையில் சொல்லாமல் பலத்தைப் பயன்படுத்தி நுழைந்ததால் அந்த நுழைவே சட்டவிரோதம் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

அடுத்து வர வேண்டியது ஜான் என்டிக்கின் கதை. அவர் ஒரு எழுத்தாளர். அரசைக் கடுமையாக விமர்சித்த ‘தி மானிட்டர்’ என்ற வார இதழோடு தொடர்புடையவர். 1762 நவம்பர் 11 அன்று நேதன் கேரிங்டனும் இன்னும் மூன்று பேரும் அவர் வீட்டுக்கு வந்தார்கள். மன்னரின் தூதுவர்கள் என்பது அவர்கள் பதவி. கையில் அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபுவின் உத்தரவு. நான்கு மணி நேரம் வீட்டைப் புரட்டினார்கள். பூட்டியிருந்த பெட்டிகளையும் மேசை இழுப்பறைகளையும் உடைத்தார்கள், இருந்த தாள்களையெல்லாம் உட்கார்ந்து படித்தார்கள், கட்டுக்கட்டாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

என்டிக் அவர்கள் நான்கு பேர் மீதும் அத்துமீறி நுழைந்ததாக வழக்குப் போட்டார். ஜூரி 300 பவுண்டு நஷ்ட ஈடு என்றது. 1765-ல் தலைமை நீதிபதி கேம்டன் பிரபு கொடுத்த தீர்ப்பைச் சட்டம் படிக்கிற மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அமைச்சருக்கு அப்படி உத்தரவு போட அதிகாரம் உண்டு, நெடுங்காலமாக இப்படித்தான் நடந்து வருகிறது, அரசு நடக்க இது தேவை என்று அரசுத் தரப்பு வாதாடியது. கேம்டன் கேட்டது ஒன்றுதான்: அப்படி ஒரு சட்டம் இருந்தால் அது நம் புத்தகங்களில் இருக்கும், காட்டுங்கள், புத்தகத்தில் இல்லையென்றால் அது சட்டமே இல்லை. ஒருவரின் தாள்கள்தான் அவருக்கு மிகவும் அருமையான சொத்து என்றும் சொன்னார்.

பிரிட்டிஷ் சட்டத்தின் கணக்கு அன்றிலிருந்து இதுதான். என் வீட்டுக்குள் வரக் கூடாது என்று காட்ட நான் எந்தச் சட்டத்தையும் தேட வேண்டியதில்லை. வருகிறவர்தான் தன்னை உள்ளே விடும் சட்டத்தைக் காட்ட வேண்டும். அவர் போலீஸ்காரராக இருந்தாலும் சரி, அமைச்சரின் ஆளாக இருந்தாலும் சரி.

இந்தச் சிந்தனை கடல் தாண்டியும் போனது. 1962-ல் கரக் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், ‘கண்காணிப்பு’ என்ற பெயரில் இரவில் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டும் உத்தரப் பிரதேசப் போலீஸ் விதியை ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார். அதில் அவர் எடுத்தாண்டது 1604-ன் கோட்டை வாக்கியத்தைத்தான்.

சரி, வீட்டுக்குள் வரக் கூடாது. கேட்டைத் திறந்து வாசல் வரை வரலாமா? 1967-ல் இதற்கும் ஒரு வழக்கு வந்தது. மூன்று போலீஸார் விசாரணைக்காக ஒரு வீட்டுக்குப் போனார்கள். வாரண்ட் இல்லை. உள்ளே வரக் கூடாது என்றார் மகன். அப்பா சார்ஜென்ட்டை உள்ளே விட்டார். கொஞ்ச நேரத்தில் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். சார்ஜென்ட் திரும்பி வாசலை நோக்கி நடக்கும்போதே ஒரு மகன் அவர் முதுகில் பாய்ந்துவிட்டார். தோட்டத்தில் நின்ற மற்ற இருவரும் உதவிக்கு ஓடினார்கள். போலீஸைத் தாக்கியதாக வழக்கு; அவர்கள் அத்துமீறி நின்றவர்கள்தானே என்பது எதிர்வாதம்.

நீதிபதிகள் கொடுத்த விடை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அது ஊர் வழக்கத்திலிருந்து வந்த விடை. வேலையாக வருகிற யாருக்கும் கேட்டைத் திறந்து, பாதையில் நடந்து, கதவைத் தட்டச் சொல்லாத அனுமதி ஒன்று உண்டு. தபால்காரருக்கு இருப்பது போலீஸுக்கும் உண்டு. வீட்டுக்காரர் ‘போ’ என்று சொன்னால் அந்த அனுமதி முடிந்தது. ஆனால் வெளியே நடந்து போக நியாயமான நேரம் கொடுக்க வேண்டும். வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருப்பவர் அத்துமீறியவர் ஆகமாட்டார்.

புத்தகத்தில் இல்லாவிட்டால் சட்டமில்லை என்ற கொள்கைக்கு ஒரு சங்கடமும் இருந்தது. புத்தகங்களில் பெரிய பெரிய ஓட்டைகள் இருந்தன. 1969-ல் ஒரு வழக்கு வந்தது. பாகிஸ்தானியக் குடும்பத்து மருமகள் ஒருவர் காணாமல் போயிருந்தார், கொலையாக இருக்கும் என்று போலீஸ் சந்தேகித்தது. மாமனார், மாமியார், நாத்தனார் மூவரின் பாஸ்போர்ட்டுகளையும் வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தர மறுத்தது. யாரும் கைது செய்யப்படவில்லை, யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை. அவர்கள் ஊருக்குப் போக வேண்டும் என்று கோர்ட்டுக்கு வந்தார்கள். நீதிபதி டென்னிங் பிரபு பாஸ்போர்ட்டுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அந்தத் தீர்ப்பில் அவர் சொன்ன ஒரு விஷயம் இன்று படித்தாலும் திகைக்க வைக்கிறது. திருட்டுப் பொருளைத் தேட வாரண்ட் தரலாம். கொலைக்கான தடயத்தைத் தேட வாரண்ட் தரும் அதிகாரம் இங்கிலாந்தில் எந்த மாஜிஸ்திரேட்டுக்கும் இல்லை.

இந்த ஓட்டைகளை அடைக்க வந்ததுதான் 1984-ன் போலீஸ் மற்றும் குற்றச் சான்றுச் சட்டம். எல்லோரும் ‘பேஸ்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது அது. வட அயர்லாந்தில் இதே மாதிரியான 1989-ன் ஆணை இருக்கிறது, ஸ்காட்லாந்தின் சட்டம் தனி.

அந்தச் சட்டம் நிறைவேறியும் முழுசாக நடைமுறைக்கு வராமல் இருந்த இடைவெளியில் லண்டனில் இரண்டு வீடுகளில் நடந்தவற்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 1985 செப்டம்பர் 28 காலை, பிரிக்ஸ்டனில் செரி குரோஸ் என்ற தாயின் வீட்டுக்குள் ஆயுதம் ஏந்திய போலீஸார் கதவை உடைத்துப் போனார்கள். தேடி வந்தது மகனை. மகன் அங்கே இல்லை. ஒரு போலீஸ்காரரின் துப்பாக்கிக் குண்டு அந்தத் தாயின் மேல் பாய்ந்தது. இடுப்புக்குக் கீழே செயலிழந்து போனார். ஒரே வாரத்தில், அக்டோபர் 5 அன்று, டாட்டன்ஹாமில் சிந்தியா ஜாரெட் என்ற இன்னொரு தாயின் வீட்டை, கைதான அவர் மகன் தொடர்பாகச் சோதனை போட்டார்கள். சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே அவர் சரிந்து விழுந்து இறந்தார். இரண்டு பேரும் கறுப்பினப் பெண்கள். இரண்டு இடங்களிலும் கலவரம் வெடித்தது. டாட்டன்ஹாம் கலவரத்தில் கீத் பிளேக்லாக் என்ற போலீஸ்காரர் கொல்லப்பட்டார். செரி குரோஸ் 2011-ல் இறந்தார். அவர் மரணத்துக்குப் போலீஸின் தவறுகளும் காரணம் என்று 2014-ல் மரண விசாரணை ஜூரி சொன்னது. நுழையும் அதிகாரம் பற்றிய சட்டப் பிரிவுகளைப் படிக்கும்போதெல்லாம் அந்த இரண்டு வீடுகளும் எனக்கு நினைவுக்கு வரும்.

1986 ஜனவரி 1 முதல் பேஸ் நடைமுறைக்கு வந்தது. நம் சினிமாக்களில் போலீஸைப் பார்த்ததும் ‘வாரண்ட் இருக்கா?’ என்று கேட்பார்கள். பிரிட்டனில் அந்தக் கேள்வி மட்டும் போதாது. வாரண்ட் இல்லாமலே நுழையப் பல வழிகளை இந்தச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. ‘எந்தப் பிரிவின் கீழ் வருகிறீர்கள்?’ என்று கேட்பதுதான் சரி.

பிரிவு 17 ஒருவரைக் கைது செய்ய உள்ளே போகும் வழி. பெரிய குற்றங்களை விசாரிக்கும் கிரவுன் நீதிமன்றம் வரை போகக்கூடிய குற்றம் ஒன்றில் கைது செய்ய வேண்டியவர் உள்ளே இருக்கிறார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் போலீஸ் நுழையலாம். நுழைந்த பிறகு ஆளைத் தேடலாம். அலமாரி இழுப்பறையில் ஆள் இருக்க முடியாது, அதனால் அதைத் திறக்கக் கூடாது. பிரிவு 18 கைதுக்குப் பிறகு வருவது. கைதானவர் குடியிருக்கும் இடத்தை, அந்தக் குற்றத்துக்கோ அதனுடன் தொடர்புடைய குற்றத்துக்கோ ஆதாரம் தேடச் சோதனை போடலாம். பொதுவாக ஒரு இன்ஸ்பெக்டர் எழுத்தில் அனுமதி தர வேண்டும். பிரிவு 32, கைதாகும்போதோ அதற்குச் சற்று முன்போ அவர் இருந்த இடத்துக்கு உரியது.

தகராறு அதிகம் வருவது பிரிவு 17-ன் உட்பிரிவு ஒன்றில். உயிரையோ உடலையோ காப்பாற்ற, அல்லது சொத்துக்குப் பெரிய சேதம் வராமல் தடுக்க, வாரண்ட் இல்லாமல் நுழையலாம் என்கிறது அது. உள்ளே அலறல் கேட்கிறது, கதவு பூட்டியிருக்கிறது என்றால் மாஜிஸ்திரேட்டைத் தேடி ஓட முடியாது, யாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் நாளடைவில் ‘உள்ளே இருப்பவர்கள் நலமாக இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்’ என்பது வாசலில் சொல்கிற வழக்கமான வசனமாகிவிட்டது. 2010-ல் உயர் நீதிமன்றம் இதை நிறுத்திச் சொன்னது. அண்டை வீட்டார் சத்தம் கேட்டதாகச் சொல்லிப் போலீஸை அழைத்த வழக்கு. யாருடைய நலன் பற்றியாவது கவலை என்பது மிகவும் தாழ்ந்த அளவுகோல். நாடாளுமன்றம் எழுதியது உயிர், உடல் என்ற சொற்களை. கடுமையான ஆபத்து ஏதோ நடந்திருக்கிறது அல்லது நடக்கப்போகிறது என்ற அச்சம் வேண்டும் என்றார்கள் நீதிபதிகள்.

இப்போது வாரண்ட். மாஜிஸ்திரேட்டிடம் போலீஸ் விண்ணப்பிக்க வேண்டும். குற்றம் நடந்திருப்பதாக நம்பக் காரணம் வேண்டும், தேடும் பொருள் விசாரணைக்குப் பெரிதும் உதவக்கூடியதாக இருக்க வேண்டும், வாரண்ட் இல்லாமல் ஏன் முடியாது என்றும் காட்ட வேண்டும். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையே நடந்த ஆலோசனைத் தாள்களை எந்த வாரண்டாலும் தேட முடியாது. பத்திரிகையாளரின் குறிப்புகள் போன்றவற்றுக்கு மாஜிஸ்திரேட் போதாது, அதற்கு மேலான நீதிபதியிடம் போக வேண்டும். வாரண்ட் மூன்று மாதத்துக்குச் செல்லும். நியாயமான நேரத்தில் போக வேண்டும், வீட்டுக்காரரிடம் ஒரு நகல் கொடுக்க வேண்டும், யாரும் இல்லையென்றால் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டு வர வேண்டும்.

காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. கால்பந்து மேனேஜர் ஹாரி ரெட்நாப் வீட்டை 2007-ல் சோதனை போட்டபோது பத்திரிகைப் புகைப்படக்காரர்களும் வெளியே நின்றார்கள். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் அந்த வாரண்ட் செல்லாது என்றது. வாரண்ட் ஏன் தேவை என்பதற்குச் சட்டம் சொல்லும் நிபந்தனைகளில் எது பொருந்துகிறது என்று விண்ணப்பப் படிவத்தில் காட்டவே இல்லை.

அதைவிடக் கொடுமை மெர்சிசைடில் ஒரு குடும்பத்துக்கு நடந்தது. ஆயுதக் கொள்ளை ஒன்றில் சந்தேகப்பட்டவரின் தாய் முன்பு குடியிருந்த வீடு அது. அவர் போய், வேறு குடும்பம் வந்து மாதங்கள் ஆகியிருந்தன. 1999-ல் ஒரு நாள் காலை 7 மணிக்கு இரும்பு உருளையால் கதவை இடித்துக்கொண்டு போலீஸார் உள்ளே போனார்கள். உள்ளே இருந்தவர்களில் குழந்தைகளும் உண்டு. இங்கிலாந்து நீதிமன்றங்களில் அவர்கள் தோற்றார்கள். போலீஸுக்குக் கெட்ட நோக்கம் இருந்ததாக நிரூபிக்க முடியவில்லை. ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்தான் 2006-ல், அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று சாதாரணமாகச் சரிபார்த்திருந்தாலே போதும், இந்த நுழைவு உரிமை மீறல் என்றது.

சம்மதத்துக்கும் விதி இருக்கிறது. பேஸ் சட்டத்தோடு வரும் ‘கோட் பி’ என்ற நடைமுறை விதிகளின்படி, முடிந்தவரை சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். சம்மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, கைப்பற்றுவது ஆதாரமாகப் பயன்படலாம் என்று சொல்ல வேண்டும். சோதனைக்கு நடுவிலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அறை எடுத்துத் தங்கும் மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: விடுதி, லாட்ஜ் மாதிரி இடங்களில் வீட்டு உரிமையாளர் சரி சொன்னதை மட்டும் வைத்துச் சோதனை போடக் கூடாது, குடியிருப்பவரின் சம்மதத்தைப் பெற நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்கிறது அந்த விதி. அப்புறம், சீருடையோடு வருகிற எல்லோருக்கும் போலீஸின் அதிகாரம் இல்லை. டி.வி. லைசென்ஸ் பார்க்க வருகிறவருக்குச் சம்மதமோ வாரண்டோ இல்லாமல் உள்ளே வர உரிமை கிடையாது. குடிவரவு அதிகாரிகளுக்குத் தனிச் சட்டம், தனி வாரண்ட்.

இவ்வளவு விதிகளையும் போலீஸ் மீறினால் என்ன ஆகும்? கிடைத்த ஆதாரம் குப்பைக்குப் போகும் என்று நினைப்போம். அமெரிக்காவில் பெருமளவுக்கு அப்படித்தான். பிரிட்டனில் நிலைமை வேறு. 1950-களில் கென்யாவில் நெருக்கடி நிலை இருந்தபோது, சோதனை செய்ய உரிய பதவி இல்லாத போலீஸார் ஒருவரைச் சோதித்து இரண்டு தோட்டாக்களைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார்கள். அதற்கு மரண தண்டனை. காலனிகளின் வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் தண்டனையை உறுதி செய்தது. ஆதாரம் வழக்குக்குத் தொடர்புடையதா என்பதே கேள்வி, எப்படிக் கிடைத்தது என்பது கோர்ட்டின் கவலை இல்லை என்றது. 1970-களில் இங்கிலாந்தில், ஒரு மதுக்கடையில் சாண்ட்விச் திருடியதாகக் கைதானவரின் அறையைப் போலீஸ் போய்ச் சோதித்துக் கஞ்சாவை எடுத்தது. சாண்ட்விச்சுக்கும் அறைக்கும் தொடர்பில்லை, சோதனை சட்டவிரோதம் என்றார்கள் நீதிபதிகள். கஞ்சா மட்டும் ஆதாரமாகவே நின்றது.

பேஸ் சட்டத்தின் பிரிவு 78 இதைக் கொஞ்சம் தளர்த்தியது. விசாரணையின் நியாயத்தையே கெடுக்கும் என்றால் நீதிபதி ஆதாரத்தை ஒதுக்கலாம். ஒதுக்கியே ஆக வேண்டும் என்று இல்லை. ஆகவே கதவு உடைபட்டவருக்குக் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் என்டிக்குக்குக் கிடைத்ததுதான்: நஷ்ட ஈடு. வக்கீல் வைத்து, வருடக்கணக்கில் அலைந்து வாங்க வேண்டியது அது. சட்டத்தின் பெரிய பலவீனமாக நான் பார்ப்பது இதைத்தான். முன்கூட்டித் தடுக்கக்கூடியது மாஜிஸ்திரேட்டின் கவனமும் வாசலில் இருப்பவரின் விவரமும்தான். அந்த இரண்டும் தவறினால் பிறகு வருவதெல்லாம் பணக் கணக்கு.

வாசலே இல்லாத நுழைவும் வந்துவிட்டது. 1979-ல் பழம்பொருள் வியாபாரி ஒருவர், போலீஸ் தன் போனை ஒட்டுக்கேட்டது தவறு என்று வழக்குப் போட்டுத் தோற்றார். யாரும் அவர் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை, அதனால் அத்துமீறல் இல்லை. ஸ்ட்ராஸ்பர்க் 1984-ல் மாற்றிச் சொன்ன பிறகுதான் 1985-ல் ஒட்டுக்கேட்புக்கு ஒரு சட்டம் எழுதப்பட்டது. என்டிக்கின் தாள்கள் இருந்த இழுப்பறை இன்று பாக்கெட்டில் இருக்கிறது. முறையான நோட்டீஸ் கொடுத்தும் பாஸ்வேர்டைச் சொல்ல மறுத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. தேசப் பாதுகாப்பு, குழந்தைகள் மீதான ஆபாசக் குற்றங்கள் என்றால் ஐந்து ஆண்டு வரை.

2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு வந்த குற்ற, போலீஸ் மசோதா அந்தப் போனையே வீட்டுக்குள் நுழையும் சாவியாக்கப் பார்த்தது. திருடுபோன போன் எந்த வீட்டில் இருக்கிறது என்று டிராக்கிங் செயலி காட்டினால், வாரண்ட் வாங்க அவகாசம் இல்லாத நிலையில், ஒரு இன்ஸ்பெக்டரின் அனுமதியோடு போலீஸ் அங்கே நுழைந்து தேடலாம் என்பது அதில் இருந்த யோசனை. போனைப் பறிகொடுத்தவர்களின் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. வரைபடத்தில் புள்ளி தெரிகிறது, போலீஸ் போக மாட்டேன் என்றால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் அந்தப் புள்ளி பல மாடிக் குடியிருப்பு ஒன்றின் மேல் விழும்போது எந்த மாடி, எந்தக் கதவு என்று இன்ஸ்பெக்டருக்கு யார் சொல்வது? மெர்சிசைடு குடும்பத்தின் வீட்டு முகவரி ஒரு போலீஸ் கோப்பில் தெளிவாக எழுதியே இருந்தது.